மடக்கு யூட்டிலிட்டி கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

பார்சல் வந்தால் சமையலறைக் கத்தி, சாவி, கத்தரிக்கோல் என்று கைக்கு எது அகப்படுகிறதோ அதை வைத்து டேப்பைக் கிழிப்பதுதான் பலருடைய வழக்கம். பெட்டி திறந்துவிடும், சரி. ஆனால் டேப்பின் பசை சமையல் கத்தியில் ஈஷிக்கொள்ளும். நான்கு அட்டைப்பெட்டியை வெட்டிய கத்தி அடுத்த வேளை காய் நறுக்கும்போது வழுக்கும். கத்தரிக்கோலுக்கோ தடித்த பிளாஸ்டிக் பட்டையைக் கடிக்க வாய் போதாது. இந்த மாதிரி வேலைகளுக்கென்றே இருப்பது யூட்டிலிட்டி கத்தி. மழுங்கினால் பிளேடை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அதையே நடுவில் மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற மாதிரி செய்திருந்தால் அது மடக்கு யூட்டிலிட்டி கத்தி.

முதன்முறை வாங்குகிறவருக்கு எல்லா மாடலும் ஒரே மாதிரிதான் தெரியும். பளபளப்பு, நிறம், பிடியில் எத்தனை உபரிக் கருவிகள் என்று கண் போகும். என்னைக் கேட்டால், பிளேடை மாற்றுவது எவ்வளவு சுலபம், மாற்றிய பிளேடு எவ்வளவு ஆடாமல் நிற்கிறது என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். ஏன் என்று சொல்கிறேன்.

பிளேடுதான் கத்தி

இதில் பிடி உங்களோடு வருடக்கணக்கில் இருக்கும். பிளேடு விருந்தாளி மாதிரி வந்து போகும். சாதாரண மடக்குக் கத்தியில் கூர் போனால் சாணைக்கல்லை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். அது ஒரு தனிக் கலை, பழகினவர்களுக்குப் பிடித்த வேலையும்கூட. ஆனால் நாள் முழுக்க அட்டை வெட்டுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. அட்டை பார்க்கத்தான் சாது. பழைய காகிதத்தை அரைத்துச் செய்யும் அட்டையில் களிமண், சுண்ணாம்பு போன்ற தாதுத் துகள்கள் நாரோடு கலந்திருக்கும். ஒவ்வொரு இழுப்பிலும் அவை பிளேடின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நல்ல எஃகுக் கத்தியை அட்டையில் தேய்த்து வீணாக்குவதைவிட, தேய்ந்தால் மாற்றிவிடுகிற பிளேடை அந்த வேலைக்கு விடுவது புத்திசாலித்தனம்.

பெரும்பாலான மடக்கு யூட்டிலிட்டி கத்திகள் எடுத்துக்கொள்வது ஒரே வகைப் பிளேடைத்தான். பள்ளிக்கூடத்துக் கணக்கில் வரும் சரிவகத்தின் வடிவம். நீளம் சுமார் 60 மி.மீ., அகலம் 19 மி.மீ., தடிமன் 0.6 மி.மீ. அளவில் இருக்கும். நீளமான பக்கம் முழுக்கத் தீட்டப்பட்டிருக்கும். குட்டையான பக்கத்தில் சின்னதாக இரண்டு வெட்டுகள் இருக்கும். பிடிக்குள் இருக்கும் பல் அந்த வெட்டில் மாட்டிக்கொண்டுதான் பிளேடு வெளியே நழுவாமல் நிற்கிறது. ஒரு சமயத்தில் பாதிப் பிளேடுதான் வெளியே தெரியும். அந்தப் பாதி மழுங்கினால் கழற்றித் திருப்பிப் போட்டால் மறுபாதி புத்தம் புதிதாக இருக்கும். ஆக, ஒரு பிளேடு இரண்டு பிளேடுக்குச் சமம். பலருக்கு இது தெரியாமல் பாதியிலேயே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு நிறுவனத்தின் பிடியில் இன்னொரு நிறுவனத்தின் பிளேடு பொருந்துவதும் இந்தப் பொது அளவினால்தான். தனக்கென்று ஒரு விசேஷ அளவு வைத்திருக்கும் குட்டி மாடல்கள் சில உண்டு. அழகாகத்தான் இருக்கும். ஆனால் பிளேடுக்கு அந்த ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டும். முதல் கத்தியாக வேண்டாம்.

கட்டர் போதாதா?

எழுதுபொருள் கடையில் கிடைக்கும், தள்ளத் தள்ள நீளும், மழுங்கிய நுனியை ஒடித்து எறிகிற கட்டர் எல்லோருக்கும் தெரியும். ஜப்பானைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா 1956-இல் உருவாக்கியது அது. உடைந்த கண்ணாடித் துண்டின் கூரையும் சாக்லேட் பட்டையில் ஒடிப்பதற்காக இருக்கும் கோடுகளையும் சேர்த்து யோசித்ததில் பிறந்த யோசனை. அவர் தொடங்கிய ஓல்ஃபா நிறுவனம் இன்றும் இருக்கிறது. 9 மி.மீ., 18 மி.மீ. என்ற பிளேடு அகலங்கள் உலகம் முழுக்கப் பொது அளவாகிவிட்டன.

காகிதம், வால்பேப்பர், தெர்மோகோல் வெட்ட அந்தக் கட்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நீளமாகத் தள்ளிக்கொள்ளலாம், ஒரு நொடியில் புதுக் கூர் கிடைக்கும். ஆனால் ஒடிவதற்காகவே கீறி வைத்திருக்கும் கோடுதான் அதன் பலவீனமும். தடித்த அட்டையிலோ ரப்பரிலோ அழுத்திப் பிடித்துக் கொஞ்சம் பக்கவாட்டில் திருகினால், நீங்கள் கேட்காத நேரத்தில் ஒடியும். சரிவகப் பிளேடில் அந்தக் கோடு இல்லை, தடிமனும் கூடுதல். தரைவிரிப்பு, தோல், ரெக்சின், ஜிப்சம் பலகை, பிளாஸ்டிக் பட்டை என்று அழுத்தம் கேட்கும் வேலைக்கு அதுதான் தாங்கும்.

மடக்காமல், கட்டை விரலால் தள்ளினால் பிளேடு உள்ளே போய் வெளியே வரும் யூட்டிலிட்டி கத்தியும் உண்டு. அதில் ஒரு சௌகரியம்: பிளேடு எவ்வளவு வெளியே வர வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். மடக்குக் கத்தியில் பெரும்பாலும் அது முடியாது, திறந்தால் முழுசாகத் திறந்ததுதான். பதிலுக்கு அது தட்டையாகப் பைக்குள் உட்காரும், மடக்கிவிட்டால் கூர்ப்பக்கம் முழுக்கப் பிடிக்குள் அடங்கிவிடும். உங்கள் வேலை கிடங்கில் நின்றுகொண்டு பெட்டி மேல் பெட்டியாகத் திறப்பது மட்டும்தான் என்றால், மடக்குக் கத்தியே வேண்டாம் என்பேன். கையை எடுத்ததும் பிளேடு தானாக உள்ளே போய்விடும் பாதுகாப்புக் கத்தி அதற்கென்றே இருக்கிறது. பலவிதச் சில்லறை வேலை, அங்கொன்றும் இங்கொன்றுமாக, கத்தி பையிலேயே இருக்க வேண்டும் என்பவருக்குத்தான் மடக்கு.

ஆட்டம் எங்கே என்று பாருங்கள்

சாதாரண மடக்குக் கத்தியில் ஆடக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: மடங்கும் மூட்டு. இதில் இரண்டு. மூட்டு ஒன்று, பிளேடைப் பிடித்திருக்கும் வாய் ஒன்று. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் அது நுனியில் போய்ச் சேரும்போது பெரிய ஆட்டமாகிவிடும். வெட்டு கோட்டை விட்டு விலகும், திருகல் விழுந்து பிளேடின் நுனி தெறிக்கும்.

பிளேடைக் கழற்ற முடிவது சோதனைக்கும் வசதிதான். பிளேடு இல்லாமல் வெறும் பிடியைத் திறங்கள். பூட்டு விழும்போது 'டக்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். பிறகு பிளேடு இருக்க வேண்டிய வாயை மடக்குகிற திசையில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல பூட்டு அசையாது. லேசாக நழுவினாலும் அந்தக் கத்தியைக் கீழே வைத்துவிடலாம், வேறு எந்தச் சிறப்பு இருந்தாலும் சரி. அடுத்து பிளேடைப் போட்டு, அதன் கூரில்லாத முதுகுப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். மயிரிழை ஆட்டம் பெரும்பாலும் எல்லாவற்றிலும் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம், கையில் 'கடக் கடக்' என்று படுகிற ஆட்டம் கூடாது.

பூட்டில் பல வகை. அதிகம் காண்பது லைனர் லாக். பிடியின் உட்புறம் ஒரு மெல்லிய உலோகத் தகடு ஸ்பிரிங் மாதிரி வளைந்து நிற்கும். கத்தியைத் திறந்ததும் அது மூட்டின் வாலுக்கு அடியில் போய் முட்டுக்கொடுக்கும். மூட வேண்டுமென்றால் கட்டை விரலால் அந்தத் தகட்டை ஓரமாகத் தள்ள வேண்டும். இங்கேதான் கவனம்: தள்ளுகிற கட்டை விரல், பிளேடு வந்து இறங்கும் வழியிலேயே இருக்கும். பிளேடு பாதி தூரம் வந்ததும் விரலை எடுத்துவிட்டு மறு கையால் மூடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இடது கைக்காரர்களுக்கு இந்தப் பூட்டு கொஞ்சம் சங்கடம், தகட்டை வலது கட்டை விரலுக்கு ஏற்பத்தான் வைத்திருப்பார்கள்.

பிடியின் முதுகில் அழுத்தினால் விடுபடும் பேக் லாக்கில் விரல் பிளேடின் வழியில் வராது, எந்தக் கைக்கும் பொருந்தும். ஆனால் மூடுவதற்கு இரண்டு கையும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் பூட்டு கையுறை போட்டவர்களுக்கு வசதி. பூட்டே இல்லாமல் ஸ்பிரிங் இறுக்கத்தால் மட்டும் நிற்கிற வகையும் இருக்கிறது. பென்சில் சீவ, நூல் அறுக்க அது போதும். அழுத்தி வெட்டும் வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிளேடு மாற்றும் வழி

இதுதான் என் முக்கியமான கட்சி. மழுங்கிய பிளேடு ஆபத்து என்பது தெரியாதவர் யாருமில்லை. கூர் இல்லாததை ஈடுகட்டக் கை தானாக அழுத்தம் கூட்டும். அழுத்தம் கூடினால், பிளேடு அட்டையைத் தாண்டும்போது அதை நிறுத்த முடியாது. தெரிந்தும் ஏன் மழுங்கிய பிளேடோடு வேலை செய்கிறோம்? மாற்றுவது தொல்லையாக இருப்பதால்தான். ஸ்க்ரூ டிரைவர் எங்கேயோ இருக்கும், புது பிளேடு இன்னொரு அறையில் இருக்கும், 'இந்த ஒரு பெட்டிதானே' என்று தோன்றும்.

மாற்றும் முறையில் பெரிய பிரிவு இரண்டு. ஒன்று திருகு. ஒன்றோ இரண்டோ ஸ்க்ரூவைக் கழற்றிப் பிளேடை எடுக்க வேண்டும். பிடிப்பு இறுக்கமாக இருக்கும், ஆட்டம் குறைவு. கடுகளவு ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டால் அன்றைய வேலை முடிந்தது. இன்னொன்று பொத்தான் அல்லது நெம்புகட்டை. அழுத்தினால் பல் விலகும், பிளேடை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். கருவி எதுவும் வேண்டாம், சில விநாடி வேலை. தொடங்குகிறவர் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். லேசான கூடுதல் ஆட்டத்தைச் சகித்துக்கொள்ளலாம், மாற்றாமல் விட்ட பிளேடைச் சகிக்க முடியாது.

பொத்தான் வகையில் ஒன்றை மட்டும் அவசியம் பாருங்கள். வெட்டுவது போலக் கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உங்கள் கட்டை விரலோ ஆள்காட்டி விரலோ அந்தப் பொத்தான் மேல் போய் உட்காருகிறதா என்று கவனியுங்கள். உட்கார்ந்தால், வெட்டிக்கொண்டிருக்கும்போதே பிளேடு விடுபடலாம். நல்ல வடிவமைப்பில் பொத்தான் பள்ளத்துக்குள் புதைந்திருக்கும், அல்லது எளிதில் தவறி அமுங்காத அளவுக்குக் கெட்டியாக இருக்கும்.

பிடிக்குள்ளேயே மாற்று பிளேடுகளை வைத்துக்கொள்ள இடம் இருந்தால் ரொம்ப நல்லது. பிடி கொஞ்சம் தடிக்கும், பரவாயில்லை. புது பிளேடு கையோடு இருந்தால்தான் மாற்றுவோம்.

எந்தப் பிளேடு?

சாதாரண கார்பன் எஃகு பிளேடு. அவ்வளவுதான். தங்க நிறத்தில் மின்னுவது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, தேய்மானத்தைக் குறைப்பதற்காக. பை-மெட்டல் என்றால் விளிம்பில் கடினமான ஹைஸ்பீடு எஃகு, முதுகில் வளைந்து கொடுக்கும் எஃகு, இரண்டையும் வெல்டிங்கில் ஒட்டியது. நுனி சட்டென்று தெறிக்காது, கூரும் அதிக நாள் நிற்கும். வேலை அதிகமாகி, எதை எதை வெட்டுகிறோம் என்று பிடிபட்ட பிறகு அவற்றைப் பற்றி யோசிக்கலாம். ஆரம்பத்தில் விலை கூடிய பிளேடு வாங்கினால் ஒரு மனத்தடை வந்துவிடும்: 'இன்னும் கொஞ்சம் ஓட்டலாமே' என்று மழுங்கிய பின்னும் ஓட்டுவோம். மலிவான பிளேடு டஜன் கணக்கில் இருந்தால் அந்தக் கஞ்சத்தனம் வராது.

விதிவிலக்காக ஒன்றை மட்டும் சொல்வேன், கொக்கி பிளேடு. நுனி உட்பக்கமாக வளைந்திருக்கும். தரைவிரிப்பை, கூரைக்குப் போடும் தார் விரிப்பை, கட்டுப் பட்டையை மாட்டி இழுத்து வெட்டலாம். கூர் வளைவுக்குள் இருப்பதால் அடியில் இருக்கும் பரப்பில் கீறல் விழாது. அதே பிடியில் பொருந்தும். ஒன்றிரண்டு வைத்திருப்பது நல்லது. பெட்டிக்குள் இருக்கும் துணியைக் கிழித்துவிடுவோமோ என்று பயப்படுகிறவர்களுக்கு நுனி உருண்ட பிளேடும் இருக்கிறது.

கார்பன் எஃகுக்குத் துரு பிடிக்கும் என்பதால் புது பிளேடின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். வெள்ளைக் காகிதத்தையோ துணியையோ வெட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒரு பழைய துணியால் முதுகிலிருந்து கூர்ப்பக்கம் நோக்கித் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் வெட்டின் ஓரத்தில் கறை விழும்.

பிடியும் மற்ற சங்கதிகளும்

துத்தநாக வார்ப்பில் செய்த பிடி கனமாக இருக்கும். அதே அளவு அலுமினியத்தைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கையில் எடுத்தால் 'திண்ணென்று இருக்கிறதே' என்று பிடித்துப்போகும். நாளெல்லாம் பையில் தொங்கும்போதுதான் கனம் தெரியும். அலுமினியமும் கண்ணாடி நார் கலந்த நைலானும் லேசு. எடையைவிட முக்கியம், ஆள்காட்டி விரலுக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறதா என்பது. வியர்த்த கை அழுத்தும்போது பிளேடை நோக்கி வழுக்காமல் நிறுத்துவது அந்த மேடுதான்.

பாக்கெட் கிளிப் வேண்டும். ஆனால் சில கிளிப்புகள் இறுக்கிப் பிடிக்கையில் உள்ளங்கையில் குத்தும். கழற்றி மறுபக்கம் மாட்டக் கூடியதாக இருந்தால் நல்லது. மடக்கிய நிலையிலேயே நூலையும் பட்டையையும் அறுக்க ஒரு சின்னப் பிளவு சில பிடிகளில் இருக்கும். உண்மையிலேயே பயன்படும் விஷயம் அது. ஒயர் உரிக்கும் பள்ளம், பாட்டில் திறப்பான், ஸ்க்ரூ டிரைவர் முனை எல்லாம் பெட்டியின் மேல் அச்சடிக்க நன்றாக இருக்கும். ஒயர் உரிக்க அதற்கான கருவி வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் வந்த பிறகு

அட்டைப்பெட்டியின் சுவர் பெரும்பாலும் 3, 4 மி.மீ. தடிமன்தான். வெளியே நீட்டியிருக்கும் பிளேடோ இரண்டு செ.மீ.க்கு மேல். நெட்டுக்குத்தாகச் செருகினால் உள்ளே இருக்கும் பொருளும் வெட்டுப்படும். கத்தியைப் பெட்டியின் மேல் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, நுனி மட்டும் டேப்பில் பதிகிற மாதிரி, இரண்டு மடல்கள் சேரும் கோட்டின் மேல் இழுங்கள். டேப்பை மட்டும்தான் வெட்டுகிறோம், அட்டையை அல்ல. பெட்டியைப் பிடித்திருக்கும் கை கத்தி வரும் வழியில் இருக்கக் கூடாது. கத்தி எங்கே போய் நிற்கும் என்று வெட்டும் முன்பே கண்ணால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அங்கே தொடையோ விரலோ இருந்தால் நிற்கும் இடத்தை மாற்றுங்கள்.

தடித்த பொருளை ஒரே இழுப்பில் அறுக்க முயல வேண்டாம். லேசாக ஒரு கீறல், அதே தடத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. 12.5 மி.மீ. ஜிப்சம் பலகையைக்கூட யாரும் முழுக்க வெட்டுவதில்லை. மேல் காகிதத்தைக் கீறி, பலகையை வளைத்து ஒடித்து, பின்பக்கக் காகிதத்தை அறுத்துவிடுவார்கள். நேர்கோடு வேண்டுமென்றால் எஃகு ஸ்கேல் வையுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரத்தைப் பிளேடு சீவிவிட்டு விரல் மேல் ஏறும்.

நெம்பாதீர்கள். பெயிண்ட் டப்பா மூடி, ஸ்டேபிள் பின், ஜன்னல் சந்து எதுவானாலும். கூர் நிற்க வேண்டும் என்பதற்காகப் பிளேடைக் கடினமாக்கியிருக்கிறார்கள். கடினமான எஃகு வளையாது, உடைந்து பறக்கும்.

எப்போது மாற்றுவது? பிளேடின் கூர் விளிம்பு உங்களை நேராகப் பார்க்கிற மாதிரி, ஒரு கை தூரத்தில், நல்ல வெளிச்சத்தில் பிடியுங்கள். கூராக இருக்கும் இடத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்பப் பரப்பே இல்லை, கறுத்த கோடாகத் தெரியும். மழுங்கிய இடம் மினுக்கென்று வெள்ளையாகத் தெரியும். பெட்டி வெட்டுகிறவர்களின் பிளேடில் முதலில் மினுங்குவது நுனியை ஒட்டிய ஒரு செ.மீ. தான். இன்னொரு அடையாளம், வெட்டிய அட்டையின் ஓரம் பிசிறடிப்பது. அப்போதே திருப்பிப் போட்டுவிடலாம்.

கழற்றிய பிளேடை அப்படியே குப்பையில் போட்டால் குப்பை அள்ளுகிறவரின் கையைக் கிழிக்கும். மூடி உள்ள ஒரு தகர டப்பாவின் மூடியில் பிளவு போட்டு அதில் சேர்த்து வாருங்கள். நிறைந்ததும் மூடியை டேப்பால் சுற்றி, மேலே 'பிளேடு' என்று எழுதி உங்கள் ஊர் விதிப்படி அப்புறப்படுத்தலாம்.

விமானப் பயணம் என்றால் கைப்பையில் வைக்காதீர்கள், பிளேடை உறையிட்டு சரக்காகப் போடும் பெட்டியில் வையுங்கள். பொது இடத்தில் கையோடு வைத்துக்கொள்வதற்கும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்குத்தான் காரணம் கேட்க மாட்டார்கள். பூட்டு விழும் கத்தி வைத்திருந்தால் தகுந்த காரணம் சொல்ல வேண்டும். வேலைக்கு நல்லது என்று மேலே நான் சொன்ன அதே பூட்டுதான் அங்கே சட்டத்தின் கண்ணில் படுகிறது. உங்கள் ஊரில் என்ன விதி என்று விசாரித்துவிட்டு, சந்தேகமாக இருந்தால் வேலை நடக்கும் இடத்தில் கருவிப் பெட்டிக்குள்ளேயே கத்தியை விட்டுவிட்டு வாருங்கள்.